கடலூர் மழைக் குழுவை இந்த ஐப்பசிக்கு முன்னால் மூடிவிடலாமா?

மஞ்சக்குப்பம் டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். அரசுப் பள்ளியில் புவியியல் சொல்லிக்கொடுக்கிறேன். வீட்டு மொட்டைமாடியில் ஒரு மழைமானி வைத்திருக்கிறேன். மழை பெய்தால் மறுநாள் காலை எட்டரைக்கு அளந்து நோட்டில் குறித்துவிடுவேன். வானிலைத் துறையின் கணக்கில் ஒரு மழைநாள் என்பது காலை எட்டரையிலிருந்து மறுநாள் காலை எட்டரை வரை. அதனால் நானும் அந்த நேரத்தை மாற்றுவதில்லை.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்து, பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து, பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்தோம். அதற்கு அடுத்த வருடம் ஒரு சமூக வலைத்தளத்தில் எங்கள் மாவட்ட மழைக்கென்று ஒரு குழு ஆரம்பித்தேன். எந்தத் தளம் என்று இங்கே சொல்லப்போவதில்லை. பெயரைப் போட்டால் பேச்சு அந்த நிறுவனத்தைச் சுற்றியே போய்விடும். எனக்கு வேண்டியது குழுவைப் பற்றிய யோசனை.

முதலில் பழைய மாணவர்கள், சக ஆசிரியர்கள் என்று கொஞ்சம் பேர்தான் இருந்தார்கள். 2015 நவம்பரில் நிலைமை மாறியது. பெரியகாட்டுப்பாளையம், விசூர் பக்கம் ஓடையில் திடீரென்று வெள்ளம் வந்து உயிர்கள் போன அந்த நாட்களில், வெளியூரில் இருந்தவர்கள் எல்லாம் குழுவுக்கு வந்து கேட்டார்கள். எந்தச் சாலை அறுந்திருக்கிறது, எந்தப் பள்ளிக்கூடத்தில் ஆட்களைத் தங்க வைத்திருக்கிறார்கள், குறிஞ்சிப்பாடி வழியாகப் பேருந்து வருகிறதா என்று. பதில் சொன்னவர்களும் குழுவில் இருந்தவர்கள்தான். நெல்லிக்குப்பத்தில் பெட்ரோல் பங்கில் வேலை செய்யும் ஒரு தம்பி, வேலைக்குப் போகும் வழியில் பார்த்ததை எல்லாம் எழுதினார். வடலூரில் ஒரு அம்மா தன் வீட்டு வாசற்படியில் எத்தனை படி வரை தண்ணீர் என்று தினமும் போட்டார். அப்படித்தான் குழு வளர்ந்தது. இன்றைக்குக் கணக்கில் பதினோராயிரத்துச் சொச்சம் பேர் இருக்கிறார்கள்.

ஆனால் எழுதுகிறவர்கள் இப்போது விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். இளம் பிள்ளைகள் யாருமே இல்லை. என் பழைய மாணவர்களிடம் கேட்டால் "அதைத் திறந்தே ரொம்ப நாளாச்சு டீச்சர்" என்கிறார்கள். குழுவைத் திறந்தால் "வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம்" என்ற விளம்பரமும், எந்த நாட்டிலோ எடுத்த வெள்ளக் காட்சியைக் கடலூர் என்று போட்ட பதிவும் வந்து கிடக்கின்றன. காலையில் எழுந்ததும் அவற்றை நீக்குவதே ஒரு வேலை. என்னோடு பொறுப்பில் இருந்த இரண்டு பேரில் ஒருவர் வெளிநாடு போய்விட்டார், இன்னொருவர் ஒதுங்கிக்கொண்டார்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. என்னைத் தூங்கவிடாதது வேறு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை. அது ஓய்ந்து, எங்கள் பக்கம் வானம் வெளுத்து, அப்பாடா என்று மூச்சுவிட்ட பிறகுதான் தென்பெண்ணையில் வெள்ளம் வந்தது. புயல் உள்ளே போய் விழுப்புரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கொட்டிய மழை அது. டிசம்பர் 2 விடியுமுன் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டார்கள். அந்தத் தண்ணீர் திருக்கோவிலூர், எல்லிஸ் அணைக்கட்டு தாண்டிக் கடலூருக்கு வந்து சேரக் கொஞ்சம் நேரம் ஆகும். அந்த நேரம்தான் ஆற்றங்கரையில் இருப்பவர்களுக்கு எல்லாமே. திருக்கோவிலூரில் இருக்கும் எங்கள் உறுப்பினர் ஒருவர் பாலத்தில் நின்று படம் எடுத்து, தண்ணீர் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று அன்று காலையிலேயே குழுவில் போட்டார். குண்டு உப்பலவாடியில் இருக்கும் ஒரு உறுப்பினருக்கு அந்தப் பதிவு கண்ணில் பட்டது இரண்டு நாள் கழித்து. அதற்குள் அவர் வீட்டில் தண்ணீர் வந்து வடிந்தே விட்டது.

தளம் இப்போது பதிவுகளை நேர வரிசையில் காட்டுவதில்லை. எதற்குக் கருத்துகள் அதிகமோ, எதை ஆட்கள் நின்று பார்க்கிறார்களோ அதை முன்னால் தள்ளுகிறது. திருவிழாப் படத்துக்கு அது சரியாக இருக்கலாம். ஆற்று வெள்ளத்துக்கு அது உதவாது.

சரி, போய்விடலாம் என்றால் மனம் வரவில்லை. வயதானவர்கள் நிறையப் பேருக்குத் தெரிந்த ஒரே இடம் அதுதான். வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் எங்கள் பிள்ளைகளும் அங்கேதான் தேடுவார்கள். அப்புறம் பழைய பதிவுகள். 2015-லும் 2024-லும் எந்தத் தெருவில் எந்தச் சுவரில் எதுவரை தண்ணீர் நின்றது என்று ஆட்கள் படத்தோடு எழுதியது அத்தனையும் அந்தக் குழுவுக்குள் இருக்கிறது. வீடு கட்டுகிறவர் எவ்வளவு உயரத்துக்கு அஸ்திவாரம் போட வேண்டும் என்று தெரிந்துகொள்ள எங்கள் ஊரில் அதைவிட நல்ல ஆதாரம் எனக்குத் தெரிந்து இல்லை. முன்பெல்லாம் யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். இப்போது கணக்கு இல்லாதவர்கள் உள்ளே வர முடிவதில்லை.

ஐப்பசி பிறப்பதற்குள் ஒரு முடிவு எடுக்க வேண்டும். மூடிவிட்டுப் புது இடம் போவதா, இருந்துகொண்டே இன்னொன்றையும் ஆரம்பிப்பதா, போனால் எங்கே, பழையதை எப்படிக் காப்பாற்றுவது? இதுபோல ஒரு குழுவை நடத்தியவர்கள், விட்டு வந்தவர்கள் சொல்லுங்கள்.

தேவனாம்பட்டினத்துக்காரன்:

டீச்சர், நான் உங்கள் குழுவில் ஆரம்பத்திலிருந்து இருக்கிறேன். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை. எழுதியது குறைவு, படித்தது நிறைய. தயவுசெய்து பொங்கல் வரைக்கும் மூடாதீர்கள்.

எங்களுக்கு ஊரில் இருப்பதைவிட இரண்டரை மணி நேரம் முந்தி. நான் காலை ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது ஊர் தூங்கிக்கொண்டிருக்கும். 2024 டிசம்பரில் வீட்டுக்குப் போன் போட்டால் மணி அடிக்கவே இல்லை. கோபுரத்தில் கரண்ட் இல்லையா, அம்மா போனில் சார்ஜ் இல்லையா, அல்லது வேறு ஏதாவதா என்று எப்படித் தெரியும்? உங்கள் குழுவில் வந்து கேட்டேன். முன்பின் தெரியாத ஒருவர் "உங்கள் ஊர் ஆட்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார்கள், சாப்பாடு கொடுக்கிறார்கள்" என்று எழுதினார். அவர் யார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

எங்கள் தெருவுக்கு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. ஆனால் அதில் எங்கள் தெருவின் ஆட்கள் மட்டும். எல்லோர் போனும் ஒரே நேரத்தில் அணைந்தால் அந்தக் குழுவும் அணைந்துவிடுகிறது. பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் பார்த்துச் சொல்லும் வசதி உங்கள் குழுவில்தான் இருந்தது. புது இடத்துக்கு இரண்டாயிரம் பேர் வருவார்கள் என்று வைத்துக்கொள்வோம். மீதி ஒன்பதாயிரத்தில் யார் எந்த ஊர்? அது தெரியாமல் மூடக்கூடாது என்பதுதான் என் எண்ணம்.

பாகூர் ஏரிக்கரை:

டீச்சருக்கு வணக்கம். உங்கள் தென்பெண்ணை வெள்ளம் எங்கள் பாகூரையும் விட்டுவைக்கவில்லை, அதனால் இது எனக்கும் சொந்த விஷயம்.

இருப்பதா போவதா என்பதை ஒரு மாதம் கழித்துக்கூட முடிவு செய்யலாம். பழைய பதிவுகளை எடுத்து வைப்பதை இந்த வாரமே தொடங்குங்கள். ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன் என்றால், நான் யாகூ குழுமங்கள் என்ற மின்னஞ்சல் வழிக் குழுக்கள் காலத்து ஆள். மரத்தடி, அகத்தியர், ராயர் காபி கிளப் என்று தமிழில் எவ்வளவு பேச்சு நடந்தது அங்கே. திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியீட்டு முறை எழுத்துருவில் தட்டச்சு செய்து, ஒருவருக்கொருவர் எழுத்துரு அனுப்பிக்கொண்டு எழுதினோம். 2019 அக்டோபரில் யாகூ அறிவிப்பு வந்தது. அந்த மாதக் கடைசியிலிருந்து புதிதாக எதையும் ஏற்ற முடியாது, பழைய கோப்புகளும் படங்களும் அழிக்கப்படும் என்றார்கள். எடுத்துக்கொள்ள முதலில் டிசம்பர் நடுப்பகுதி வரைதான் கெடு, பிறகு ஆட்கள் முறையிட்டதால் 2020 ஜனவரி முடிவு வரை நீட்டினார்கள். 2020 டிசம்பர் 15-ல் குழுமங்கள் மொத்தமாகவே போயின. ஏறக்குறைய இருபது வருடப் பேச்சுக்கு மூன்று மாதத் தவணை. குழும நிர்வாகிகளில் பலர் அந்த மின்னஞ்சல் முகவரியையே விட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. அறிவிப்பு போய்ச் சேர்ந்தது யாருக்கு?

ஆர்குட் 2014 செப்டம்பர் 30-ல் மூடியது. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில். நம் நாட்டுத் தளமான கூ 2024 ஜூலையில். இவை சொல்லிவிட்டுப் போனவை. மைஸ்பேஸ் மூடக்கூட இல்லை. 2003 முதல் 2015 வரை ஆட்கள் ஏற்றிய பாட்டும் படமும் சர்வர் மாற்றும்போது தொலைந்துவிட்டன என்று 2019-ல் ஒப்புக்கொண்டார்கள். தளம் ஓடிக்கொண்டே இருந்தது, உள்ளே இருந்ததுதான் இல்லை. உங்கள் தளம் நாளைக்கே மூடும் என்று நான் சொல்லவில்லை. ஆள் குறையக் குறைய, பழையதைப் பத்திரமாக வைத்திருக்க அந்த நிறுவனத்துக்குக் காரணமும் குறைந்துகொண்டே போகும்.

இனி செய்முறை. பெரும்பாலான தளங்களில் "உங்கள் தரவைப் பதிவிறக்குங்கள்" என்று ஒரு வசதி இருக்கும். அதில் வருவது உங்கள் பதிவுகள் மட்டும்தான். குழுவில் மற்றவர்கள் எழுதியது வராது. நிர்வாகி என்றாலும் வராது. எனவே வடலூர் அம்மாவின் வாசற்படிக் கணக்கு வேண்டுமென்றால் அந்த அம்மாவிடம்தான் கேட்க வேண்டும். இதில் ஒரு நன்மையும் இருக்கிறது. அவர் எழுதியதை நாம் வேறொரு இடத்தில் வைப்பதற்கு அவருடைய சம்மதமும் சேர்ந்து வந்துவிடும்.

படங்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. போனில் எடுக்கும் படத்துக்குள்ளேயே எடுத்த நேரமும், சில சமயம் இடமும் பதிந்திருக்கும். சமூக வலைத்தளங்களில் ஏற்றும்போது பொதுவாக அந்தத் தகவலை உரித்துவிட்டுத்தான் காட்டுகிறார்கள். ஆகவே தளத்திலிருந்து எடுக்கும் படத்தைவிட, எடுத்தவரின் போனிலோ கணினியிலோ இருக்கும் மூலப் படம் பல மடங்கு உயர்ந்தது. அது கிடைக்காவிட்டால், ஊர், தெரு, எந்தச் சுவர், தரையிலிருந்து எத்தனை அடி, எந்தத் தேதி என்று கையால் எழுதிச் சேர்த்துவிடுங்கள். எழுதியவர்களில் வயதானவர்கள் இருக்கிறார்கள் என்று சொன்னீர்கள். அவர்களிடம் முதலில் கேளுங்கள்.

மழை அளவுகளை ஒரு சாதாரண அட்டவணையில் போடுங்கள். தேதி, இடம், மில்லிமீட்டர், அளந்தவர், அவ்வளவு போதும். எந்த நிரலிலும் திறக்கும் எளிய எழுத்துக் கோப்பாகவும் ஒரு நகல் வையுங்கள். எங்கள் திஸ்கி மடல்களை இன்று திறந்தால் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. இப்போது எல்லாப் போனிலும் கணினியிலும் பொதுவாக இருக்கும் யூனிகோடு முறையில் இருந்தால் அந்தத் தொல்லை உங்களுக்கு வராது. ஒரு நகலை இன்டர்நெட் ஆர்க்கைவில் ஏற்றுங்கள். அது 1996 முதல் இயங்கும் லாப நோக்கமற்ற நூலகம், கட்டணம் இல்லை.

மஞ்சக்குப்பம் டீச்சர்:

பாகூர் ஐயா, மிகவும் நன்றி. நிர்வாகிக்கு எல்லாமே கிடைத்துவிடும் என்றுதான் இங்கே பலர் என்னிடம் சொன்னார்கள். மற்றவர்கள் எழுதியது வராது என்பது பெரிய விஷயம். தேவனாம்பட்டினத்துத் தம்பி, நீங்கள் கேட்ட கேள்வி எனக்குள்ளும் இருக்கிறது. யார் எந்த ஊர் என்று ஒரு பட்டியல் என்னிடம் இல்லை, அதைக் கேட்டு வாங்கலாம் என்றால் அந்தப் பதிவே எத்தனை பேர் கண்ணில் படும்?

நெல்லிக்குப்பம் கரும்பு:

எனக்கு எந்தத் தளம் என்பது முக்கியமில்லை. நேற்று எத்தனை மில்லிமீட்டர், ஒன்பது மணிக்குள் தெரிந்தால் ஆட்களை வயலுக்கு வரச் சொல்லலாமா வேண்டாமா என்று முடிவு செய்வேன். பத்து மணிக்குத் தெரிந்தால் பயனில்லை. கெடிலத்தில் தண்ணீர் வந்தால் அதையும் சொல்லுங்கள். நீங்கள் எங்கே போட்டாலும் வருகிறேன், ஒரே இடமாக இருக்கட்டும். நாலு இடத்தில் தேட முடியாது.

அரியாங்குப்பத்து நர்ஸ்:

டீச்சர், நான் புதுச்சேரியில் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கிறேன். எல்லோரும் தளத்தைப் பற்றிப் பேசுகிறார்கள், நான் கேட்கிறவர்களைப் பற்றிச் சொல்கிறேன்.

எங்கள் பக்கம் நல்லவாடு என்று ஒரு மீனவர் ஊர். 2004 டிசம்பர் 26 அன்று காலையில் சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர்ப் பிள்ளை ஒருவர், தொலைக்காட்சியில் சுனாமிச் செய்தியைப் பார்த்துவிட்டு ஊருக்குப் போன் செய்தார். அந்த ஊரில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த கிராம அறிவு மையம் இருந்தது. அங்கே கடல் நிலவரம் சொல்வதற்கென்று ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். உடனே அதில் அறிவித்து ஊரையே வெளியேற்றினார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்கள் இருந்த ஊர் அது. வீடும் படகும் போயின, ஊர் மக்கள் பிழைத்தார்கள். பக்கத்தில் வீராம்பட்டினத்திலும் அதே மாதிரி மையம். அலை உயரம் எவ்வளவு இருக்கும் என்று இணையத்திலிருந்து எடுத்துத் தினமும் ஒலிபெருக்கியில் சொல்வார்கள். அப்போது சமூக வலைத்தளம் என்று யார் கண்டது?

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அங்கே செய்தி வந்தது ஒரு போனில், போய்ச் சேர்ந்தது ஒலிபெருக்கியில். நடுவில் ஓடிப்போய் மைக்கைத் திறந்த ஆள் இருந்தார். உங்கள் குழுவிலும் பதினோராயிரம் பேருக்கும் நேரடியாகச் சேர்ந்தது என்று நினைக்காதீர்கள். படித்தவர் ஒருவர் எழுந்து போய் அக்கம்பக்கத்தில் சொல்லியிருப்பார். அந்த ஆட்கள் யார் என்று கண்டுபிடித்து, ஊருக்கு இரண்டு பேர் என்று அவர்களை உங்களோடு கூட்டிக்கொண்டு போங்கள். மீதிப் பேர் எங்கே இருந்தாலும் அவர்கள் வழியாகச் செய்தி போகும்.

இரண்டாவது, குரல். என் அம்மாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமம். மீன் விற்கும் பெண்கள் பலருக்கும் அப்படித்தான். ஆனால் எல்லோரும் வாட்ஸ்அப்பில் வரும் குரல் பதிவைக் கேட்கிறார்கள். நீங்கள் எழுதுவதைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டும், நீங்கள் பேசினால் நேரடியாகச் சேரும். ஒரு எச்சரிக்கை மட்டும். வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தால் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும். எங்கள் நிலையத்துக்கு வரும் பெண்கள் இதற்காகவே பல குழுக்களிலிருந்து வெளியேறியிருக்கிறார்கள். நடுராத்திரியில் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் வீட்டில் எவ்வளவு பிரச்சினை ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

முத்தியால்பேட்டை நிரலர்:

நர்ஸ் அக்கா சொன்ன ஆட்கள் விஷயத்தை முழுக்க ஒத்துக்கொள்கிறேன். எந்தக் கருவி என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

வாட்ஸ்அப் குழுவில் 1024 பேர்தான் சேர முடியும். வாட்ஸ்அப் சேனலில் அந்த வரம்பு இல்லை, பின்தொடர்பவரின் எண் மற்ற பின்தொடர்பவர்களுக்குத் தெரியாது. பெண்களுக்கு அது நல்லது. ஆனால் சேனல் பதிவுகளை அந்த நிறுவனம் தன் சர்வரில் 30 நாள் வரைதான் வைத்திருக்கும். ஐப்பசியில் போட்டதைத் தையில் தேட முடியாது. ஆகவே அறிவிப்புக்குச் சரி, ஆவணத்துக்கு ஆகாது. டெலிகிராமில் பொதுச் சேனல் தொடங்கினால் கணக்கு இல்லாதவரும் உலாவியில் திறந்து படிக்கலாம், பழையதும் இருக்கும், மொத்தத்தையும் கோப்பாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் நம் ஊரில் அதை வைத்திருப்பவர்கள் குறைவு. மாஸ்டடான், புளூஸ்கை என்று புதிய சமூக வலைத்தளங்கள் இருக்கின்றன. ஒரே நிறுவனத்தின் பிடியில் சிக்காமல் இருக்க நல்ல முயற்சிகள். மாஸ்டடானில் ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் பின்தொடர்பவர்களையும் கூட்டிப்போகலாம், பழைய பதிவுகள் மட்டும் வராது. ஆனாலும் குண்டு உப்பலவாடியில் இருப்பவரை இந்த மழைக்குள் அங்கே வரவழைக்க உங்களால் முடியாது.

அதனால் என் யோசனை: ஆவணம் உங்கள் சொந்த வலைப்பதிவில். உங்கள் பெயரில் ஒரு முகவரி வாங்கிவிடுங்கள், வருடத்துக்கு ஆயிரம் ரூபாய் அளவில்தான் ஆகும். நாளை எந்த நிறுவனத்தின் சர்வரில் வைத்தாலும் முகவரி மாறாது. அறிவிப்பு வாட்ஸ்அப் சேனலில். ஒவ்வொரு அறிவிப்பும் அன்றே வலைப்பதிவிலும் ஏற வேண்டும்.

தேவனாம்பட்டினத்து அண்ணன் சொன்னதில் ஒரு இடத்தில் எனக்கு உடன்பாடில்லை. பழைய குழு திறந்திருப்பதால் தீங்கே இல்லை என்று சொல்ல முடியாது. உப்பலவாடிக்காரர் குழுவில் இருந்தார். ஆற்றில் ஏதாவது என்றால் டீச்சர் குழுவில் வந்துவிடும் என்று நம்பியிருப்பார். அந்த நம்பிக்கையால் வேறு எங்கும் விசாரிக்காமல் இருந்திருக்கலாம். தாமதமாக வரும் எச்சரிக்கை, எச்சரிக்கையே இல்லாததைவிட ஆபத்தானது என்று நான் நினைக்கிறேன். இல்லை என்று தெரிந்தால் ஆட்கள் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077-க்காவது போன் செய்வார்கள்.

தேவனாம்பட்டினத்துக்காரன்:

தம்பி, நீங்கள் சொல்வது ஊரில் இருப்பவர்களுக்குப் பொருந்தும். நான் அங்கே தேடியது எச்சரிக்கையை இல்லை. எங்கள் வீட்டு ஆட்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதை. அதற்கு ஒரு நாள் தாமதமானாலும் பதில் வந்தால் போதும். சேனலில் டீச்சர் மட்டும்தான் பேச முடியும், நான் கேட்க முடியாது. கேட்கிற இடம் ஒன்று வேண்டும்.

மஞ்சக்குப்பம் டீச்சர்:

எல்லாவற்றையும் இரண்டு மூன்று முறை படித்தேன். நேற்று மாலை பள்ளி முடிந்ததும் தலைமை ஆசிரியரிடமும் பேசினேன். நான் செய்யப்போவதைச் சொல்கிறேன், ஓட்டை இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

முத்தியால்பேட்டைத் தம்பி சொன்ன அந்த நம்பிக்கை விஷயம் என்னை ரொம்ப பாதித்தது. ஆற்று நீர்மட்டமும் வெள்ள எச்சரிக்கையும் இனி பழைய குழுவில் வராது. வராது என்பதைக் குழுவின் தலைப்பிலேயே எழுதிவிடுகிறேன்: இங்கே வெள்ளச் செய்திக்குக் காத்திருக்க வேண்டாம், மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070. புயல் முன்னறிவிப்பு வானிலை ஆய்வு மையம் சொல்வதுதான், துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்பதை மீனவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நாங்கள் எப்போதும் அளந்ததையும் கண்ணால் கண்டதையும் மட்டும்தான் எழுதினோம், புது இடத்திலும் அப்படியே.

குழுவை மூடவில்லை. பொங்கல் வரை "என் வீட்டார் எங்கே" என்று கேட்பதற்கு மட்டும் திறந்திருக்கும். ஒவ்வொரு பதிவும் ஒப்புதலுக்குப் பிறகே வரும்படி மாற்றுகிறேன். அதைப் பார்த்துக்கொள்ள எனக்கு ஆள் வேண்டும். தேவனாம்பட்டினத்துத் தம்பி, ஊர் தூங்கும் நேரத்தில் நீங்கள் விழித்திருப்பதாகச் சொன்னீர்கள். விடியற்காலை நேரத்தை நீங்கள் எடுத்துக்கொள்ள முடியுமா? பொங்கலுக்குப் பிறகு எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை பேருக்குப் பதில் கிடைத்தது என்று பார்த்து மேற்கொண்டு முடிவு செய்வோம். அப்போது மூடத்தான் வேண்டும் என்றால் மூடிவிடுவேன், அதில் எனக்குத் தயக்கம் இல்லை.

காலை மழை அளவு வாட்ஸ்அப் சேனலில் ஒன்பதுக்குள் வந்துவிடும், நெல்லிக்குப்பத்துக்காரருக்கு அது ஒரே இடம். எட்டரைக்கு அளந்தால் மற்ற ஊர்களின் கணக்கையும் சேர்த்து ஒன்பதுக்குள் போட முடியும். 64.5 மில்லிமீட்டர் தொட்டால் கனமழை, 115.6 தொட்டால் மிக கனமழை, 204.5 தொட்டால் அதி கனமழை என்று வானிலைத் துறை வகுத்த அளவையும் பக்கத்திலேயே எழுதுவேன். 'ரெட் அலர்ட்' என்று யாராவது கிளப்பிவிட்டால் ஆட்களே ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

ஆவண வேலை இந்த வாரம் தொடங்கிவிட்டது. வடலூர் அம்மாவுக்குப் போன் செய்தேன். வாசற்படிக் கணக்கை அவர் குழுவில் போட்டதோடு நிற்காமல் பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்திலும் எழுதி வைத்திருக்கிறார். நோட்டையே கொண்டுவந்து தருகிறேன் என்றார். திருக்கோவிலூர்க்காரரிடம் பாலத்துப் படங்களின் மூலம் அப்படியே இருக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வரைபடப் பயிற்சி இருக்கிறது. சம்மதம் கிடைத்த படங்களுக்கு மட்டும் இடம் குறித்து, சுவரில் அந்த உயரத்தை அளந்து வர அவர்களைப் பெற்றோர் அனுமதியோடு அனுப்பலாம் என்று தலைமை ஆசிரியர் சொன்னார். வானம் வெயிலாக இருக்கும்போதே அதை முடித்துவிட வேண்டும்.

நர்ஸ் அம்மா, ஊருக்கு இரண்டு பேர் என்று நீங்கள் சொன்னதை ஆற்றங்கரையிலிருந்து தொடங்குகிறேன். தாழங்குடா, நாணமேடு, குண்டு உப்பலவாடி, சுபா உப்பலவாடி, உங்கள் பக்கம் பாகூர். இங்கே படிப்பவர்களில் யாராவது இந்த ஊர்களில் இருந்தால் தனிச் செய்தி அனுப்புங்கள். குரல் பதிவுக்கும் சரி. எப்படிப் பேசினால் ஆட்களுக்குப் புரியும் என்று சொல்லுங்கள், நான் வகுப்பில் பேசுவதுபோல் நீட்டிப் பேசிவிடுவேன்.

தாழங்குடா:

டீச்சர், எங்கள் ஊருக்கு நான் வருகிறேன். என் சித்தப்பா பஞ்சாயத்தில் இருக்கிறார், மைக் செட் அவர் பொறுப்பு. இரண்டாவது ஆளாக அவரையே போட்டுக்கொள்ளுங்கள்.

குரல் பதிவு அரை நிமிடத்துக்கு மேல் வேண்டாம், அதற்கு மேல் போனால் சிக்னல் இல்லாத நேரத்தில் இறங்காது. முதலில் ஊர்ப் பெயரைச் சொல்லுங்கள், அப்போதுதான் நம் ஊருக்கு என்று காது கொடுப்பார்கள். அப்புறம் எந்த ஆறு, எந்த இடத்தில் பார்த்தது, எத்தனை மணிக்கு. தேதியைக் கட்டாயம் சொல்லுங்கள். போன மழைக்கு வந்த பதிவை இந்த மழையில் யாரோ திருப்பி அனுப்பி, பாதி ஊர் கோயில் மேட்டுக்குக் கிளம்பிவிட்டது. கன அடி சொன்னால் எங்களுக்குப் பிடிபடாது. 2024-ல் வந்ததைவிட அதிகமா குறைவா என்று சொல்லுங்கள், எவ்வளவு தண்ணீர் வரும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும்.